மாமாவுக்கு என்னால் வந்த பட்டப்பெயர்

ஸ்கொட்லாந்தில் பிறந்து, ஆங்கிலம் தவிர வேறு மொழி அறியாமல் வாழ்ந்து மறைந்த ஒருவருக்குத் தமிழில் நினைவு மலர் எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். என் மனைவி மொய்ராவின் உறவினரிடையே இப்படியொரு வழக்கம் இல்லை. அவர்கள் தேவாலயத்தில் கூடி, இரண்டு பாட்டுப் பாடி, தேநீர் அருந்திவிட்டுக் கலைந்தார்கள். ஆனால் அவரை முப்பது வருடங்களுக்கு மேலாக ‘மாமா’ என்று அழைத்தவர்கள் நீங்கள். முதலாம் ஆண்டு நினைவு நாளில் உங்கள் கைகளில் ஒரு மலர் இருக்க வேண்டும் என்று விரும்பியவள் அவருடைய மகளான மொய்ராதான். மருமகனாகிய நானே எழுத வேண்டும் என்றும் அவள் சொன்னாள். மாமாவைப் பற்றிப் பெருமையாக எழுத எனக்கு நிறைய இருக்கிறது. என்னைப் பற்றி வெட்கத்துடன் எழுத வேண்டியதும் இருக்கிறது. இரண்டையும் எழுதுகிறேன். மாமாவும் மொய்ராவும் ஆங்கிலத்தில் சொன்னவற்றை எங்கள் பேச்சுத் தமிழிலேயே தருகிறேன்.

மாமா அவர்கள் ஸ்கொட்லாந்தின் கிழக்குப் பகுதியில், நிலக்கரிச் சுரங்கத்தை நம்பியிருந்த சிற்றூர் ஒன்றில், ஐந்து பிள்ளைகளில் மூன்றாமவராகப் பிறந்தார். தகப்பனார் சுரங்கத் தொழிலாளி. இரண்டு அறைகள் கொண்ட வீட்டில் ஏழு பேர் வாழ்ந்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து சில வருடங்களில், பதினைந்து வயதில், மாமாவும் சுரங்கத்துக்குப் போனார். முதலில் மேலே நின்று நிலக்கரியிலிருந்து கல் பொறுக்கும் வேலை. பிறகு நிலத்துக்கு அடியில். சனிக்கிழமைப் பிற்பகல்களில் ஊர் அணிக்கு உதைபந்தாட்டம் ஆடினார். பதினெட்டாவது வயதில், அருகிலிருந்த துறைமுக நகரத்தின் அணி அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. அது இரண்டாம் பிரிவில் ஆடிய சிறிய அணி.

இன்றைய ஆட்டக்காரர்களின் வாழ்க்கையை மனத்தில் வைத்துக்கொண்டு இதை வாசிக்க வேண்டாம். மாமா வார நாட்களில் சுரங்கத்தில் வேலை செய்தார். செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்து பஸ் ஏறிப் பயிற்சிக்குப் போனார். சனிக்கிழமை ஆட்டம். சில சனிக்கிழமைகளில் காலை வேலையும் செய்துவிட்டு, கண் ஓரத்துக் கரித்தூசி போகாமலே மைதானத்தில் இறங்குவாராம். அந்தக் காலத்துப் பந்து தோலால் ஆனது. மழையில் ஊறினால் கல்லாகக் கனக்கும். அதைத் தைத்திருந்த தோல்வார் நெற்றியில் பட்டால் திங்கட்கிழமை வரைக்கும் தழும்பு இருக்கும் என்று நெற்றியைத் தடவிக் காட்டுவார்.

அவர் நடுக்களத்தின் இடது பக்கத்தில், எதிரணியின் வேகமான ஓட்டக்காரர்களை மறித்து நிற்கும் இடத்தில் ஆடினார். கோல் அடித்துப் பெயர் வாங்கும் இடம் அதுவல்ல. இருந்தும் ஊர்ப் பத்திரிகையில் அவர் பெயர் அடிக்கடி வந்தது. மொய்ரா பாதுகாத்து வைத்திருக்கும் துண்டு ஒன்றில், ‘இவரைக் கடந்து செல்வது கதவு திறக்குமுன் அறைக்குள் நுழைவதைப் போன்றது’ என்று எழுதியிருக்கிறது. ஒரு முறை கிண்ணப் போட்டியில் கிளாஸ்கோவின் பெரிய அணியொன்றை அதன் சொந்த மைதானத்திலேயே எதிர்கொண்டார்கள். அவ்வளவு சனத்தை அவர் அதற்கு முன் கண்டதில்லை. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்றாக முடிந்தது. திரும்ப ஆடியபோது நான்கு கோல்களால் தோற்றார்கள். இங்கிலாந்து அணியொன்றின் ஆள் அவரைப் பார்க்க வீடுவரை வந்ததும் அந்தப் பருவத்தில்தான். தகப்பனாரின் நெஞ்சு சுரங்கத் தூசியால் அடைத்துப் போயிருந்த நேரம் அது. வீட்டை விட்டு வர இயலாது என்று மாமா சொல்லி அனுப்பிவிட்டார். அதைப் பற்றி அவர் ஒருநாளும் குறைப்பட்டதில்லை.

பத்துப் பருவங்கள் ஆடி, இருபத்தெட்டாவது வயதில் ஆட்டத்தை விட்டார். முழங்கால் கெட்டுவிட்டது என்றுதான் மாமியும் மொய்ராவும் அறிந்திருந்தார்கள். அதன் பின்னர் மாமியை மணந்து, இருவருமாகக் கப்பல் ஏறி மெல்பேர்னுக்கு வந்தார்கள். வடக்குப் புறநகரின் கார்த் தொழிற்சாலை ஒன்றில் ஓய்வு பெறும் வரை வேலை செய்தார். மொய்ரா இங்கேதான் பிறந்தாள்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து, ஊருக்குத் திரும்ப முடியாமற் போன தலைமுறையைச் சேர்ந்தவன். மொய்ராவை நான் மணந்தபோது மெல்பேர்னில் இருந்த என் உறவினர்கள் பலர் வரவில்லை. மண்டபத்தில் மாப்பிள்ளை பக்கத்துக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. மாமா அதைப் பார்த்துவிட்டு எழும்பிப் போய், தொழிற்சாலை நண்பர்களைக் குடும்பத்தோடு என் பக்கத்தில் இருத்தினார். சில வருடங்கள் கழித்து என் அம்மா இங்கு வந்தபோது, எனக்கு வேலை இருந்ததால் மாமாதான் விமான நிலையம் போனார். அம்மாவின் பெயரைத் தமிழில் எழுதிய அட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். என் பழைய கடித உறையைப் பார்த்துப் படம் வரைவதுபோல் ஒவ்வோர் எழுத்தாக வரைந்திருந்தார். அம்மாதான் அவரை எங்கள் எல்லோருக்கும் ‘மாமா’ ஆக்கினார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு நான் செய்ததை இனிச் சொல்ல வேண்டும்.

மாமி இறந்த பிறகு, வடக்குப் புறநகரான கிரெய்கிபர்னில் மாமா தனியே இருந்த வீட்டுக்குச் சனிக்கிழமைகளில் போய்ப் புல் வெட்டிக் கொடுப்பேன். ஒரு நாள் நான் போனபோது, எழுபத்தைந்து வயதில் ஏணியில் நின்று கூரைப் பீலியில் அடைத்திருந்த இலைகளை அள்ளிக்கொண்டிருந்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு, விளையாட விடாமற் செய்த முழங்கால் இதுதானா என்று பகிடியாகக் கேட்டேன். அவர் மெதுவாக இறங்கி வந்து, கவிழ்த்து வைத்திருந்த வாளியில் இருந்தார்.

“முழங்காலில ஒண்டுமில்லை, மகன். ஒருநாளும் இருந்ததில்லை” என்றார்.

அன்று அவர் சொன்னது இதுதான். ஒரு மாரிகால ஆட்டம். எதிரணியில் வில்லி என்ற பத்தொன்பது வயது இளைஞர் வலது ஓரத்தில் ஆடினார். வீடு வீடாகப் பாண் ரொட்டி விநியோகிக்கும் வாகனம் ஓட்டுபவர். அவ்வளவு வேகமான ஒருவரை மாமா எதிர்கொண்டதில்லை. முதற் பாதியில் மூன்று முறை மாமாவைக் கடந்து போனார். அதில் இரண்டு கோல்கள் விழுந்தன. இடைவேளையில் அணியின் முகாமையாளர் மாமாவுக்குப் பக்கத்தில் வந்திருந்து, அவன் இன்னொரு தரம் உன்னைக் கடக்கக் கூடாது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். இரண்டாம் பாதி தொடங்கிச் சற்று நேரத்தில் வில்லி மறுபடியும் வந்தார். மாமா காலைப் போட்டார்.

“பந்து போயிட்டுது. பந்து போனது எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் போட்டனான்” என்றார் மாமா.

வில்லியின் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. மத்தியஸ்தர் அதைச் சாதாரண மோதலாகத்தான் எடுத்துக்கொண்டார். மாற்று ஆட்டக்காரரை இறக்கும் விதி அந்தக் காலத்தில் இல்லை. மிஞ்சிய பத்துப் பேரை மாமாவின் அணி மூன்றுக்கு இரண்டு என்று வென்றது. குளிக்கும் அறையில் எல்லோரும் அவர் முதுகில் தட்டினார்கள். அடுத்த புதன்கிழமை மாமா ஒரு பை நிறையத் தோடம்பழம் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். வாசலில் நின்றார். உள்ளே போக முடியவில்லை. பழங்களை பஸ் நிலையத்தில் யாரோ ஒரு கிழவியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அடுத்த வாரமும் வெறுங்கையுடன் போய் வாசலிலேயே நின்று திரும்பினார். வில்லி அதன்பின் ஆடவில்லை. மாமா இன்னும் இரண்டு பருவங்கள் ஆடினார். ஆனால் யாரையும் மறிக்க அவரால் கால் வைக்க முடியவில்லை. சொந்த ஊர்ச் சனமே அவரைப் பார்த்துக் கூச்சலிட்டது. அணியும் விடுவித்துவிட்டது.

“மொய்ராவுக்குச் சொல்லாத. அவளுக்கு முழங்கால் எண்டுதான் தெரியும். அப்பிடியே இருக்கட்டும்.”

சொல்ல மாட்டேன் என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன்.

இரண்டு வருடங்கள் போயின. எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகம் நகரத்தின் மறுகோடியிலுள்ள கிரான்பர்னில் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி ஒன்றை நடத்தியது. நான் அப்போது செயற்குழுவில் இருந்தேன். பிரதம விருந்தினராக மாமாவை அழைக்கலாம் என்று முன்மொழிந்தவன் நான். என் கலியாணத்துக்கு வராதவர்கள் எல்லோரும் அந்த மைதானத்தில் இருந்தார்கள். ஊரில் பாடசாலை அணியில் கடைசிவரை ஆட இடம் கிடைக்காமல் ஓரத்து வாங்கிலில் இருந்தே காலத்தைக் கழித்தவன் நான் என்பதை அறிந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் முன் என் மாமனாரை ஒரு பெரிய ஆளாகக் காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. உண்மையைச் சொன்னால், என்னைப் பெரிய ஆளாகக் காட்டும் ஆசைதான் அது.

ஒலிவாங்கி கையில் வந்ததும் கிளாஸ்கோ ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன். சனம் தங்களுக்குள் கதைத்துக்கொண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. அப்போது இப்படிச் சொன்னேன்: “எங்கட மாமா லேசுப்பட்ட ஆளில்லை. இவரத் தாண்டிப் போக வெளிக்கிட்ட ஒருத்தரும் சொந்தக் காலில வீட்ட போகேல்லை.” சனம் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துவிட்டது. வில்லியின் கதையைச் சொன்னேன். கால் முறிந்த சத்தம் அரங்கின் கடைசி வரிசைவரை கேட்டதாகச் சேர்த்துக்கொண்டேன். ஒரு காலை மூன்று கால்கள் ஆக்கினேன். மாமா எனக்கு இரண்டு கதிரை தள்ளி, கழுத்தில் மாலையுடன் இருந்தார். தமிழ் விளங்காததால், எல்லோரும் சிரித்தபோது அவரும் மரியாதைக்காகச் சிரித்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் தொடர்ந்து பேசினேன்.

கிண்ணம் வாங்க வந்த அணித்தலைவர் நல்ல பிள்ளை. மாமாவின் கையைக் குலுக்கி, மூன்று பேரின் காலை முறித்த கதையைக் கேட்டு எல்லோரும் ரசித்தோம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பக்கத்தில் மொய்ரா இருந்தாள். மாமா கிண்ணத்தைக் கொடுத்தார். படத்துக்கும் நின்றார். பிறகு மாலையைக் கழற்றி, மடித்து, கதிரையில் வைத்தார்.

கிரான்பர்னிலிருந்து கிரெய்கிபர்னுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட வேண்டும். பாதி வழியில் மொய்ரா பின் இருக்கையிலிருந்து, “அப்பா, அது உண்மையா?” என்று கேட்டாள்.

“ஒரு ஆள். மூண்டு பேரில்லை” என்றார் மாமா.

 வீட்டு வாசலில் இறங்கும்போது என் பக்கத்துக் கண்ணாடியில் கை வைத்துக் குனிந்தார். “நல்லாச் சொன்னியாம், மகன். எல்லாரும் ரசிச்சவையாம்” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடம் அது. நான், “களைச்சுப் போனீங்கள் மாமா, போய்ப் படுங்கோ” என்றேன்.

அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். தக்காளிச் செடி பற்றியும் ரயில் தாமதம் பற்றியும் என்னுடன் பேசினார். உதைபந்தாட்டம் பற்றி மட்டும் பேசவில்லை. கழகத்துப் பக்கம் அவர் பிறகு போகவேயில்லை. ஆனால் கழகத்தில் அவருக்கு ஒரு பெயர் நிலைத்துவிட்டது. ‘கால்முறிச்ச அங்கிள் சுகமா இருக்கிறாரோ?’ என்று கடையிலும் கோயிலிலும் அன்போடுதான் விசாரிப்பார்கள். நானும் சிரித்து, சுகம் என்று சொல்லிவிட்டு வருவேன். ஒரு முறைகூட ஒருவரையும் திருத்தவில்லை.

மொய்ரா என்னைப் போல் இருக்கவில்லை. மறைந்திருந்தது வெளியே வந்துவிட்டது, இனி அரைகுறையாக இருக்கக் கூடாது என்று, மாமாவிடம் முழு விவரத்தையும் கேட்டறிந்து, வில்லியைத் தேடி அவருடைய ஊர்ப் பத்திரிகைக்கு எழுதினாள். ஐந்து மாதம் கழித்து வில்லியின் மகள் பதில் எழுதினார். வில்லி ஆறு வருடங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். நொண்டிக் காலுடன் வெதுப்பகம் ஒன்றில் வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். மருத்துவமனையில் அவருடைய கட்டில் யன்னலோரம் இருந்ததாம். மாமா வாசலில் வந்து நின்றதை இரண்டு முறையும் பார்த்தாராம். இரண்டாம் முறை கை காட்டிக் கூப்பிட்டாராம். மாமா நிமிர்ந்து பார்க்கவில்லையாம். ‘அப்பா உங்கள் தகப்பனாரை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. ஆனால் அவர் வாசல்வரை வந்ததை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்’ என்று அந்தப் பெண்மணி எழுதியிருந்தார்.

மொய்ரா வாசித்து முடித்ததும் மாமா, “கை காட்டினவனோ?” என்று கேட்டார். அந்த இடத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.  பிறகு என்னைப் பார்த்து, “நீ அண்டைக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் இது எனக்குத் தெரிய வந்திராது” என்றார்.

என் தலையிலிருந்த பாரத்தைத் தாமே எடுத்து இறக்கிவைக்கப் பார்த்தார். நான் அந்தப் பெருந்தன்மைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அன்று வீடு திரும்பும்போது, பார்த்தாயா, நன்மைக்குத்தான் முடிந்திருக்கிறது என்று மொய்ராவிடம் சொன்னேன்.

“கடிதம் எழுதினது நான். நீங்கள் செய்தது அதில்லை” என்றாள் அவள்.

கடந்த வருடம் மாமாவின் இதயம் தளர்ந்து, மூச்சு விடச் சிரமப்பட்டார். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தோம். நினைவு சற்றும் மங்கவில்லை. ஞாயிறுதோறும் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் வழியில் சொற்களை அடுக்கிக்கொண்டு போவேன். ஒரு ஞாயிறு, கதவைச் சாத்திவிட்டு, கதிரையை அவர் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டு, “மாமா, அந்தக் கிரான்பர்ன் மைதானத்தில…” என்று தொடங்கினேன். தாதி ஒருவர் மாத்திரையுடன் வந்தார். அவர் போன பின் மாமா என் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தார். நான் சொல்ல வருவது என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

“அந்த மைதானத்தில இப்ப புதுப் புல்லுப் போட்டிருக்கினம்” என்றேன்.

இன்னும் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லது” என்றார்.

அந்த வியாழக்கிழமை காலை மாமா காலமானார். மொய்ரா பக்கத்தில் இருந்தாள். நான் வேலையில் இருந்தேன். அவருக்குத் தொண்ணூறு வயது நிறைந்திருந்தது.

இறுதிச் சடங்கன்று பெட்டிக்கு அருகில் வரிசையில் நின்ற எங்களவர் ஒருவர், “இவர்தான் அந்தக் கால்முறிச்ச அங்கிள்” என்று தம் மனைவிக்குச் சொன்னது என் காதில் விழுந்தது. அவர் மேல் பிழை இல்லை. துக்கத்துடன்தான் சொன்னார். என் வாயிலிருந்து போன கதை பெட்டியடிவரைக்கும் வந்து நின்றது. அன்றும் நான் திரும்பிப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

மாமாவை அவருடைய கடைசி மாதங்களில் தூக்கி இருத்தி, முகம் மழித்து, பெயர் சொல்லிப் பேசிய பராமரிப்பு இல்லத்துத் தாதியருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. அவர் தனியே இருந்த காலத்தில் காலையில் யன்னல் திரை விலகியிருக்கிறதா என்று பார்த்துச் சென்ற பக்கத்து வீட்டாருக்கும், துக்க வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் ஐந்து நாளும் சோறும் கறியும் கொண்டுவந்த அன்ரிமாருக்கும், செய்தி அறிந்து கடல் கடந்து அனுதாபம் எழுதிய வில்லியின் மகளுக்கும் நன்றி. இந்தக் கட்டுரையை வரி வரியாக ஆங்கிலத்தில் சொல்லக் கேட்டு, ஒன்றையும் வெட்ட வேண்டாம் என்ற மொய்ராவுக்கு நான் சொல்லும் நன்றி போதாது.

உறவினரே, நண்பர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் பெயரை இனிச் சொல்ல வேண்டாம். அவர் ஒருவருடைய காலை முறித்தார். அதை ஒருநாளும் வீரமாக நினைக்கவில்லை. அதனால் தாம் நேசித்த ஆட்டத்தையே இழந்தார். நம்பி என்னிடம் சொன்னார். நான் அதைச் சிரிப்புக்கு விற்றேன்.

அன்று ஒலிவாங்கியில் தமிழில் பேசியது, பக்கத்தில் இருந்தவருக்கு விளங்காது என்ற துணிவில். இன்று எழுதுவதும் தமிழில்தான். இதையும் மாமா வாசிக்கப் போவதில்லை. ஆனால் அன்று சிரித்தவர்கள் வாசிப்பீர்கள்.